பட்டறை பதில்கள்: நொறுங்கும் டேஷ்போர்டு

கேள்வி: என்னிடம் பிரீமியர் 118என்ஈ இருக்கிறது. கதவு உள்பக்கத்தைக் கழற்றும்போதெல்லாம் ஏதாவது ஒரு பிளாஸ்டிக் துண்டு கையோடு வந்துவிடுகிறது.
- வாசகர், ஊட்டி

பதில்: ஊட்டிக் குளிரில் வராமல் என்ன செய்யும்? நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். வெயில் வராவிட்டால் தலை உலர்த்தும் டிரையரைக் காட்டுங்கள். சூடு ஏறினால் கொஞ்சமாவது வளையும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். பழைய டூத் பிரஷ்ஷின் காம்பு போதும்.

கேள்வி: 1987 மாருதி 800. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கவர், ஸ்க்ரூ துளையிலிருந்து விரிசல் விட்டுவிட்டது. சூப்பர் க்ளூ மூன்று முறை போட்டும் நிற்கவில்லை. எந்த பிராண்டு நல்லது?
- வாசகர், ஈரோடு

பதில்: எந்த பிராண்டு வாங்கினாலும் நாலாவது முறையும் பிரியும். என் மேஜைக்கு வரும் பாகங்களில் முதல் வேலையே, யாரோ ஊற்றிய அந்தப் பசையைச் சுரண்டுவதுதான். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். வண்டியோ ஓடும்போதெல்லாம் அதிரும்; வெயிலில் பிளாஸ்டிக் விரியும், இரவில் சுருங்கும். போதாததற்கு, விரிசலைச் சுற்றி வெள்ளை பூத்தாற்போல் படிந்துவிடும். அதற்கு மேல் அடிக்கும் பெயின்டும் உரியும்.

முதலில் அது என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள். சிலவற்றின் பின்பக்கத்தில் ஏபிஎஸ், பிபி என்று அச்சாகி இருக்கும். இல்லையென்றால் பின்னாலிருந்து நகக்கண் அளவு சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பிபி. மூழ்கினால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வையுங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் ஏபிஎஸ்.

ஏபிஎஸ் என்றால் கஷ்டமே இல்லை. அதே பிளாஸ்டிக்கின் சில்லுகளைக் கண்ணாடி பாட்டிலில் அசிட்டோனோடு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் இட்லி மாவுப் பதத்துக்கு வந்திருக்கும். விரிசல் முடியும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் துளை போடுங்கள், இல்லையென்றால் அது மேலும் ஓடும். பின்பக்கம் விரிசலை ஒட்டிப் பள்ளம் கீறி, மாவைப் பூசி, மெல்லிய ஃபைபர் துணியைப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு. இரண்டு நாள் தொடாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடியும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பிபி என்றால் அசிட்டோனுக்கு அசையாது. பிபி ராடு வைத்து பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுங்கள். திரும்ப மாட்டும்போது வாஷர் போட்டு, ஸ்க்ரூ உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். இன்னும் அரைச் சுற்று என்று முறுக்கும் கைதான் முதல் விரிசலைப் போடுகிறது!

கேள்வி: டேஷ்போர்டு பளபளக்க தினமும் சிலிகோன் பாலிஷ் அடிக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. பிறகு அதில் பசையும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது.

கேள்வி: மறைந்த என் கணவரின் கான்டெசா. டேஷ்போர்டின் மேல்தோல் மூன்று இடங்களில் வெடித்திருக்கிறது. முழுசாக மாற்றணும், கிடைக்காது, விற்றுவிடுங்கள் என்கிறார் மெக்கானிக்.
- வாசகி, சேலம்

பதில்: விற்காதீர்கள் அம்மா. அந்தத் தோல் பிவிசி. மெதுமெதுப்புக்காக அதில் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருஷக்கணக்கில் வெயிலில் வெளியேறிவிடுகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலில் அதுவும் உண்டு. தோல் முழுக்க இறுகிவிட்டதால், வெடிப்பை மட்டும் அடைத்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். தோல் போனால் போகட்டும், உள்ளே சட்டம் நன்றாக இருந்தால் போதும். டேஷ்போர்டைக் கழற்றி, கார் சீட் தைப்பவரிடம் புது ரெக்சின் போர்த்தச் சொல்லுங்கள். நிறம் ஒத்துப்போக, பழைய தோலில் ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள்.

கேள்வி: உடைந்த துண்டு ஒன்று காணவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினேன்; கிடைத்ததும் உடைந்ததுதான். வாங்கலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: பேரம் பேசி வாங்குங்கள். ஒரே பிளாஸ்டிக் என்றால் தேவையான துண்டை அதிலிருந்து அறுத்துக்கொள்ளலாம். மிச்சம் அசிட்டோன் பாட்டிலுக்கு.