இருபதாம் தேதி காலையில் பழுது பார்ப்பது யார்?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் செய்கிறோம். அப்பா காலத்துக் கடை. இப்போது அருமனையிலும் ஒரு கிளை இருக்கிறது. மழையில்லாத நாளில் இரண்டு இடத்திலும் சேர்த்து எண்பது, தொண்ணூறு சீட்டு விழும். தராசுப் பக்கத்தில் கையால் எழுதும் சீட்டைக் கணக்கு பார்க்கும் பிள்ளை சாயங்காலம் எக்ஸலில் ஏற்றுகிறாள். மறுநாள் அதையே டேலியில் மறுபடி அடிக்கிறாள். சரக்கு எடுக்கும் டயர் கம்பெனிகளுக்கு ஆளுக்கொரு இணையதளம், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பில் விவரத்தை அங்கேயும் பதிய வேண்டும். இ-வே பில், ஜிஎஸ்டி வேறு.

போன மாதம் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். 'ஆர்பிஏ' என்ற ரோபோ மென்பொருள் போட்டால் இதெல்லாம் தானே நடக்கும் என்று சொல்லி, நாலரை லட்சத்துக்கு மதிப்பீடும் தந்துவிட்டுப் போனார். யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், ப்ளூ பிரிசம், பவர் ஆட்டோமேட் என்று பல பெயர் சொன்னார். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தங்கை மகனோ, "இலவசமாவே கெடைக்கும் மாமா" என்கிறான். எதை வாங்குவது? வாங்கினால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடுமோ என்பதும் மனதை அரிக்கிறது.

ரப்பர் வியாபாரி, குலசேகரம்

பதில்: மதிப்பீட்டில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போடாதீர்கள். அவர் சொன்ன மென்பொருள்கள் நல்லவைதான். ஆனால் உங்கள் கடையில் ரோபோவுக்கு இருக்கிற வேலை, நீங்கள் பட்டியலிட்டதில் கால்பங்குகூட வராது.

பெயரில் ரோபோ இருந்தாலும் இதில் இரும்பும் கையும் கிடையாது. உங்கள் கணக்குப் பிள்ளை மவுஸை எங்கே கொண்டுபோகிறாள், எந்தக் கட்டத்தில் என்ன அடிக்கிறாள் என்பதை அப்படியே திரும்பச் செய்யும் மென்பொருள், அவ்வளவுதான். இரண்டு மென்பொருளுக்கு நடுவே வாசல் இல்லாதபோது சன்னல் வழியாக ஏறிப் போக இதை உருவாக்கினார்கள். பழைய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அப்படி வாசலில்லாத வீடுகள் ஏராளம், அதனால் அங்கே இது பெரிதாக வளர்ந்தது. உங்கள் வேலைகளில் எதற்கு வாசல் இருக்கிறது, எதற்கு இல்லை என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

டேலிக்கு வாசல் இருக்கிறது. 2023 டிசம்பரில் வந்த டேலிபிரைம் 4.0 முதல், எக்ஸல் தாளில் இருக்கும் கொள்முதல் பதிவுகளை நேரடியாக உள்ளே இழுத்துக்கொள்ளலாம். எக்ஸலின் எந்தப் பத்தி டேலியின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒருமுறை பொருத்தி வைத்துவிட்டால், மறுநாளிலிருந்து தொண்ணூறு சீட்டு சில நிமிட வேலை. பழைய பதிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தால், டிஎஸ்எஸ் சந்தாவைப் புதுப்பித்து மேலே ஏறிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நுணுக்கமாக வேண்டும் என்றால், எக்ஸ்எம்எல் வடிவில் தகவலை அனுப்பவும் டேலி இடம் தருகிறது. உங்கள் தங்கை மகனிடம் "9000-மாவது போர்ட்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

வாசல் இருப்பது மட்டும் காரணமில்லை, டேலிக்குள் ரோபோவை விடுவது ஆபத்தும்கூட. எந்த ஆர்பிஏ கருவியும் பெரும்பாலும் திரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இருக்கும் உள்முகவரியைத் தேடித்தான் வேலை செய்யும். சாதாரண விண்டோஸ் மென்பொருளும் இணையப் பக்கமும் அந்த முகவரியைக் காட்டும். டேலி தன் திரை முழுவதையும் தானே வரைந்துகொள்வதால் அந்த முகவரிகள் வெளியே தெரிவதில்லை. அப்போது ரோபோ குருட்டாம்போக்கில் எஃப்9 அழுத்தி, என்டர், என்டர் என்று தட்டிக்கொண்டு போகும். நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி குதித்தால் போதும். எடை போக வேண்டிய இடத்தில் விலை போய் உட்காரும். மதிப்பீடு தந்தவரிடம், டேலித் திரையில் கட்டத்தை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று கேளுங்கள். பதிலில் இழுவை தெரிந்தால் மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இ-வே பில்லுக்கும் இ-இன்வாய்ஸுக்கும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். தொண்ணூறு சீட்டு, சீட்டுக்கு 20 கிலோ, கிலோ 190 ரூபாய் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 3 லட்சத்து 42 ஆயிரம் வருகிறது. வருடத்தில் 180 நாள் கொள்முதல் நடந்தாலே 6 கோடி தாண்டும். ஆகவே அநேகமாக நீங்களும் அந்த விதிக்குள் வருகிறீர்கள். இ-இன்வாய்ஸையும் இ-வே பில்லையும் டேலிக்குள்ளிருந்தே எடுக்கலாம், இ-இன்வாய்ஸ் விவரம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்திலும் தானாக வந்து உட்காரும். அரசுத் தளத்தில் ரோபோவை நுழைய வைத்து, கேப்சா எழுத்தைப் படிக்க வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கேப்சா அங்கே இருப்பதே ரோபோ வரக்கூடாது என்பதற்காக. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் வந்துவிட்டது.

கைச்சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உங்கள் நேரம் உண்மையில் அங்கேதான் ஒழுகுகிறது. சீட்டைப் படம் எடுத்தால் மென்பொருள் படித்துவிடும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மழை ஈரத்தில், பால்கறை பட்ட கையால், அவசரத்தில் எழுதும் 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் நமக்கே சில நேரம் தெரியாது. பத்துச் சீட்டில் ஒன்று தப்பினாலும் தொண்ணூறையும் மறுபடி ஒத்துப் பார்க்க வேண்டும், பிறகென்ன லாபம்? அதற்குப் பதில் தராசுப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வையுங்கள். மின்னணுத் தராசு பலவற்றில் பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். ஒரு கேபிளை இழுத்தால் எடை நேராகக் கணினிக்கு வரும். விவசாயியின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், ஆர்எஸ்எஸ்-4, ஆர்எஸ்எஸ்-5, ஒட்டுப்பால் என்று தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சீட்டை அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும். ரப்பர் வாரியம் வெளியிடும் விலையைப் பார்த்து நீங்கள் அன்றைக்கு வைக்கும் விலையைக் காலையில் ஒருமுறை அடித்தால் போதும். சாயங்கால எழுத்து வேலை அதோடு தீர்ந்தது. இதில் எந்த ரோபோவும் இல்லை.

மிச்சம் இருப்பது டயர் கம்பெனித் தளங்கள். சிறு வியாபாரிக்கு அங்கே வாசல் தருவதில்லை. ஆர்பிஏ உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிற இடம் அதுதான். இப்போது மென்பொருள்களை ஒப்பிடலாம்.

ப்ளூ பிரிசம் 2001-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 'ரோபாட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்' என்ற பெயரையே பரப்பியவர்கள் இவர்கள்தான். 2022-இல் எஸ்எஸ் அண்ட் சி என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான ரோபோக்களை ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேய்க்கும் வங்கிகளுக்கான பொருள் இது, உங்களுக்கு வேண்டாம். ஆட்டோமேஷன் எனிவேர் 2003-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். உலாவியிலேயே திறந்து ரோபோவை வடிவமைக்கலாம் என்பது அதன் பலம். அதுவும் பெரிய நிறுவனங்களைப் பார்த்து விலை வைக்கும் கடை.

யூஐபாத் 2005-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் பிறந்தது. 2021-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது. என் பார்வையில் கட்டங்களை அடையாளம் காண்பதில் இதற்கு நிகர் அரிது. தளத்தின் வடிவம் லேசாக மாறினாலும் தடுமாறாமல் பிடித்துக்கொள்ளும். படித்துக்கொள்ள இலவசப் பாடங்களும் நிறைய இருக்கின்றன. உங்கள் தங்கை மகன் சொல்லும் இலவசம் இதன் கம்யூனிட்டி பதிப்பாக இருக்கலாம். கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் அது அருமையானது. கடையில் நிரந்தரமாக ஓட்டுமுன் அதன் உரிம விதிகளை அவரையே முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப். சாஃப்டோமோட்டிவ் என்ற கிரேக்க நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2020-இல் வாங்கி, 2021 மார்ச் முதல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணமின்றித் தந்தது. விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய கணினிக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. எக்ஸலிலிருந்து ஒரு வரியை எடுத்து, தளத்தைத் திறந்து, கட்டம் கட்டமாக நிரப்புவது இதற்குச் சாதாரண வேலை. இலவசப் பதிப்பில் குறையும் உண்டு. ஆள் உட்கார்ந்து தொடங்கி வைக்க வேண்டும், இத்தனை மணிக்குத் தானாகத் தொடங்கு என்று நேரம் குறிக்க முடியாது. ஒரு கணக்கில் எழுதிய ரோபோவை இன்னொருவரோடு பகிரவும் முடியாது. இவை வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். ஓர் ஆளுக்கு மாதம் 15 டாலர் என்பது அதன் பட்டியல் விலை. அருமனைக் கிளைக்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாலரை லட்சத்தின் பக்கத்தில்கூட வராது.

ஸோஹோவும் இப்போது ஆர்பிஏ தருகிறது. கணக்கையே ஸோஹோ புக்ஸில் வைத்திருப்பவர் என்றால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். உங்களுக்கு டேலியை விட்டு வரும் உத்தேசம் இல்லாததால் அந்த ஆதாயம் கிடைக்காது. நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ரோபாட் ஃபிரேம்வொர்க் உண்டு. நோக்கியாவில் பிறந்து 2008-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. சிங்கப்பூரின் டாக்யூஐயும் உண்டு. அதில் கட்டளைகளைத் தமிழிலும் எழுத வழி செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இரண்டும் முழு இலவசம், தரத்திலும் குறைவில்லை. ஆனால் தங்கை மகன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ மாற்றலாகிப் போனால், 20-ஆம் தேதி காலையில் அது நின்றுபோகும்போது யார் கை வைப்பது? ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தின் கடைசி நாளான அன்று, கடையில் இருக்கிற ஒருவருக்கு அதைத் திறந்து பழுது பார்க்கத் தெரியவேண்டும். கருவியைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் இதுதான். விலையும் வேகமும் இதற்குப் பிறகுதான்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு முந்திரி வியாபாரிக்கு நானே ரோபோ எழுதிக் கொடுத்தேன். நாலு மாதம் பிசகில்லாமல் ஓடியது. ஒருநாள் வாங்குகிறவர்களின் தளத்தில் எடைக் கட்டத்துக்கு முன்னால் பெட்டி எண்ணிக்கை என்று ஒரு புதிய கட்டம் சேர்த்துவிட்டார்கள். என் ரோபோ மூன்றாவது கட்டத்தில் எடையை அடி என்றுதான் கற்றிருந்தது, அடித்துக்கொண்டே போனது. அறுபதுக்கு மேற்பட்ட பில்கள் தவறாகப் போய், பணம் மூன்று வாரம் நின்றது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த மூன்று வாரமும் தூக்கமில்லை. பால்வெட்டுகிறவர் பட்டையின் தடிமனைக் கத்தி முனையில் உணர்ந்து கையைத் தளர்த்துவார். ரோபோவுக்கு அந்த உணர்வு கிடையாது, நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே யார் எழுதினாலும் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அடிக்குமுன் அதன் தலைப்பை ரோபோ படித்துப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்த தலைப்பு இல்லையென்றால் அந்த இடத்திலேயே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். அடுத்தது, எக்ஸலில் 'பதிந்தாயிற்று' என்று ஒரு பத்தி. ஒரு பில் முடிந்ததும் தளம் தரும் எண்ணை ரோபோ அங்கே எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். நம் ஊரில் இரண்டு மழைக்காலத்திலும் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் நின்ற ரோபோவை மறுபடி தொடங்கும்போது, அந்தப் பத்தி இல்லையென்றால் ஒரே பில் இரண்டு முறை போய்விடும். வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் எந்த ரோபோவிடமும் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக அந்தப் பிள்ளை. அவளை வைத்துத்தான் இதெல்லாம் நடக்கும். யாருக்கு ஆடி மழையில் முன்பணம் கொடுத்திருக்கிறது, யார் ஷீட்டைச் சரியாக உலர்த்தாமல் கொண்டுவருவார், எந்த டயர் கம்பெனி பில்லில் புள்ளி மாறினாலும் திருப்பி அனுப்பும் என்பதெல்லாம் அவள் மனதில் இருக்கிறது. எந்த மென்பொருளிலும் இல்லை. பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பில், நாம் செய்வதைப் பார்த்துப் பதிந்துகொள்ளும் வசதி உண்டு. எக்ஸலில் ஃபார்முலா போடத் தெரிந்த ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு மாதத்தில் பிடிபடும். அந்த ஒரு மணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள், வீட்டில் போய்ப் படி என்று சொல்லாதீர்கள். கற்று முடித்ததும் சம்பளத்தையும் கூட்டுங்கள். தங்கை மகன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது பக்கத்தில் இருந்து சந்தேகம் தீர்க்கட்டும், எழுதுவது அவள் கையாகவே இருக்கட்டும். ரோபோ ஓடும்போது அந்தக் கணினியில் வேறு வேலை பார்க்க முடியாது என்பதால், அதற்கென்று ஒரு தனி லேப்டாப் வேண்டியிருக்கும்.

தராசையும் டேலியையும் முதலில் முடியுங்கள். அதன் பிறகு, பில் அதிகம் போகிற ஒரே ஒரு கம்பெனியின் தளத்தை மட்டும் எடுத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அந்த மாதம் எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் அவள் தானாகச் சரிசெய்தாளா, தங்கை மகனைக் கூப்பிட வேண்டியிருந்ததா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டாவது கம்பெனிக்குப் போகலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.