காலையில் கீழடி, மதியம் மானாமதுரை: நாற்பத்தைந்து பையன்களோடு ஒரு நாள்

எட்டாம் வகுப்புப் பையன்களைச் சுற்றுலா கூட்டிப்போவதென்றால் பல பள்ளிகளில் ஒரே வழக்கம்தான். விடிவதற்குள் பஸ், ஒரே நாளில் ஐந்து இடம், இடத்துக்கு இருபது நிமிடம், வாசலில் குரூப் போட்டோ. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து இறங்கும் பையனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் பஸ்ஸில் போட்ட பாட்டைச் சொல்வான். நானும் பல வருஷம் அப்படித்தான் கூட்டிப்போனேன். இப்போது இரண்டே இடம், ஒரே கேள்வி. மதுரைப் பக்கத்துப் பள்ளிக்குத் தோதான திட்டம் இது. உங்கள் ஊருக்கு வேறு இடங்கள் அமையலாம், முறை இதேதான்.

கேள்வி என்னவென்றால், கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவற்றை எப்போது கீறினார்கள்? மண் ஈரமாக இருக்கும்போதா, பானையைச் சுட்ட பிறகா? கீழடியில் பார்த்து, மானாமதுரைக் குயவர்களிடம் போய்க் கையால் செய்து, பதிலைப் பையன்களே சொல்ல வேண்டும்.

நாள் குறிப்பது

ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. கார்த்திகைக்கு முன்னால் போனால் குயவர் வீடுகளில் அகல் விளக்கு வேலை. மார்கழியில் பொங்கல் பானை. உங்களோடு பேசக்கூட யாருக்கும் நேரமிருக்காது. மழைக்காலத்தில் பானை காயாது. பொங்கல் முடிந்துவிட்டால் மண்ணும் காயும், மனிதர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு. வெயிலும் ஏறியிருக்காது. கீழடி அருங்காட்சியகத்தின் வார விடுமுறை எந்தக் கிழமை, அகழாய்வுக் குழிகளைப் பார்க்க அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மானாமதுரைக்கு ஒரு தடவை நீங்கள் மட்டும் தனியாகப் போய்வர வேண்டும். போனில் பேசி முடிக்கிற காரியமில்லை இது. எத்தனை சக்கரம் இருக்கிறது, நிழல் இருக்கிறதா, கை கழுவத் தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று நேரில் பாருங்கள். கூலியையும் அன்றே பேசி முடியுங்கள். பள்ளிப் பிள்ளைகள்தானே என்று அரை நாளை இலவசமாகக் கேட்பது தப்பு. குயவருக்கு அது உழைக்கும் நாள்.

காகிதங்கள்

தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸின் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவரின் லைசென்ஸ் நான்கையும் கண்ணால் பார்த்துப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பையன்களுக்கு ஓர் ஆசிரியர். இருட்டுவதற்குள் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும்.

பணத்தை வகுப்பில் பெயர் கூப்பிட்டு வாங்காதீர்கள். கொடுக்க முடியாத பையன், "எங்க வீட்ல விடமாட்டாங்க சார்" என்றுதான் சொல்வான். அந்தப் பதில் வந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஒரு வாரம் முன்பு, வகுப்பறையில்

இந்த வாரத்தைத் தவறவிட்டால் பயணம் பாதி வீண். ஒன்பது மண்பானைகள் வாங்குங்கள், ஐந்து பேர் குழுவுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் சாக்குக்குள் போட்டு ஒரு தட்டு. துண்டுகளில் ஒன்றை நீங்கள் ஒளித்துவைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்து, ஃபெவிகால் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். எந்தத் துண்டு இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்து உங்களிடம் வந்து கேட்பார்கள். கணக்குப் பாடத்தில் தூங்குகிற பையன்தான் பெரும்பாலும் முதலில் வருவான்.

மறுநாள் சார்ட் பேப்பரில் ஒரே மையத்தில் 1 செ.மீ. இடைவெளி விட்டு, 4 செ.மீ. ஆரம் முதல் 15 வரை அரைவட்டங்கள் வரையச் சொல்லுங்கள். பானையின் வாய் விளிம்புத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து நகர்த்தினால், ஏதாவது ஒரு கோட்டோடு அப்படியே பொருந்தி உட்காரும். அந்தக் கோட்டின் ஆரம்தான் பானை வாயின் ஆரம். கையளவு ஓட்டைக் கொண்டு முழுப் பானையின் வாயை அளக்கும் இந்த முறையைத் தொல்லியல்காரர்களும் கையாளுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு கயிறு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டி மாடியிலிருந்து தொங்கவிடுங்கள். 'இரண்டாயிரத்து அறுநூறு வருஷம்' என்று கரும்பலகையில் எழுதினால் ஒன்றும் உறைக்காது. இரண்டு பையன்கள் ஒருவன் தோளில் ஒருவன் ஏறினாலும் எட்டாத கயிறு உறைக்கும்.

அன்று காலை

ஒவ்வொருவனுக்கும் ஓர் எண். ஆசிரியர் தலையை எண்ணக் கூடாது, பையன்கள் ஒன்றிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் நான் தலையை எண்ணி ஒன்று குறைந்து, அருங்காட்சியகம் முழுக்க ஓடித் தேடினோம். ஆசாமி பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். எண் முறையில் எவன் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். குழுவில் ஐவருக்கும் வேலை பிரித்துவிடுங்கள்: வரைபவன், எழுதுபவன், அளப்பவன், நேரம் பார்ப்பவன், தண்ணீருக்குப் பொறுப்பானவன். சேட்டைக்காரனுக்கு நேரம் பார்க்கும் வேலை.

மதுரையிலிருந்து கீழடி 12 கிலோமீட்டர் போல. அருங்காட்சியகத்தில் விவரப் பலகைகளைப் பார்த்து எழுத விடாதீர்கள். அதைவிட வீணான வேலை கிடையாது. நான்கு பொருள்களைத் தேடச் சொல்லுங்கள்: விளையாடியது, நூல் நூற்றது, தண்ணீருக்கானது, எழுத்து உள்ளது. பகடையும் வட்டச் சில்லும் தக்களியும் உறைகிணறும் கண்ணில் பட்டுவிடும். தேடி முடித்ததும் எழுத்துள்ள ஒரே ஓர் ஓட்டின் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடம் வரைய வேண்டும். உள்ளே கருப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கும் பானைகளைக் காட்டி, ஏன் அப்படி என்று யாராவது கேட்பான். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். "மத்தியானம் குயவரிடம் கேள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சுற்றுவட்டாரத்தில் தரையில் ஓடு கிடந்தால் எடுத்துப் பையில் போடக் கூடாது. இதை பஸ்ஸிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இடத்தை விட்டு எடுத்த ஓட்டுக்கு ஊரும் இல்லை, வயதும் இல்லை.

சாப்பாடு

புளியோதரையும் உருளைக்கிழங்கும் போதும், தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். பரிமாறுவதும் இலை எடுப்பதும் இடத்தைக் கூட்டுவதும் பையன்களின் வேலை. வீட்டில் தட்டைக்கூட எடுத்து வைக்காத பிள்ளைகள்தான் நம்மிடம் அதிகம். முதலில் முனகுவார்கள், பிறகு யார் குழு வேகம் என்று போட்டி வந்துவிடும்.

மானாமதுரை

முக்கால் மணி நேரப் பயணம். இந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரி மேடைகளில் கேட்கும் கடம் இங்கே செய்வது என்று சொல்லிவிட்டு, ஒரு கடத்தையும் ஒரு சாதாரணப் பானையையும் பையன்களைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எடை வித்தியாசம் கைக்குத் தெரிந்தால் போதும்.

நாற்பத்தைந்து பேரையும் சக்கரத்தைச் சுற்றி நிற்கவைத்தால் ஐந்து பேர் செய்வார்கள், நாற்பது பேர் சண்டை போடுவார்கள். பதினைந்து பேராக மூன்று பிரிவு, அரை மணிக்கு ஒருமுறை வேலை மாறும். ஒரு பிரிவு மண் மிதிக்கட்டும். ஒன்று மண்ணைக் கயிறுபோல் உருட்டி அடுக்கிக் கையால் கிண்ணம் செய்யட்டும். ஒன்று சக்கரத்தில். இரண்டு சக்கரம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் அரை மணிக்குள் முடியும். சக்கரத்தில் பானை வராது, கோணிக்கொண்டு சரியும். சரியட்டும். அடுத்து குயவர் அதே மண்ணை மூன்று விரலால் எழுப்பும்போது பையன்கள் சத்தமில்லாமல் பார்ப்பார்கள்.

கடைசி அரை மணி நம் கேள்விக்கு. ஆளுக்கு ஓர் ஆணி. கையால் செய்த ஈரக் கிண்ணத்தில் தன் பெயரைக் கீற வேண்டும். பிறகு சுட்ட ஓட்டுத் துண்டிலும் அதே பெயர். ஈர மண்ணில் கோட்டின் இரு கரையிலும் மண் மெல்லிய வரப்புபோல் எழும்பும், கோடு வழவழப்பாக ஓடும். சுட்டதில் ஆணி வழுக்கும், விளிம்பு பொரிந்து உதிரும், நெளிவு எழுத்து உடைந்து உடைந்து வரும். இப்போது காலையில் வரைந்த படத்தை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். குழுக்கள் வேறு வேறு பதில் சொன்னால் நல்லது, அவர்கள் பார்த்தது வேறு வேறு ஓடு. கருப்பு சிவப்புக் கேள்வியையும் அப்போதே கேட்கட்டும்: பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கருக்கிறது, காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவக்கிறது.

திரும்பிய பிறகு

'சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதுக' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குயவருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

கிண்ணங்கள் நிழலில் காய்ந்து சூளைக்குப் போய் வர இரண்டு வாரமாவது ஆகும். எடுத்துவர நீங்களே போங்கள், வைக்கோல் வைத்துக் கட்டுங்கள். நாற்பத்தைந்தில் சில கட்டாயம் உடைந்திருக்கும். அவற்றைச் சூளையடியில் விட்டுவராதீர்கள். பெயர் உள்ள துண்டையாவது தேடி எடுத்து அந்தப் பையன் கையில் கொடுங்கள். வாய் அளக்கும் சார்ட் இன்னும் சுவரில்தான் இருக்கும்.