பேட்டரி மாற்றியும் போன் சார்ஜ் ஏறவில்லையா?

திருக்கடையூரிலும் சுற்று வட்டாரத்திலும், குடும்பத்தில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல. இரவில் வரும் அந்த ஒரு அழைப்புக்காக வீடே காத்திருக்கும். வங்கிச் செய்தி, சிலிண்டர் பதிவு, பிள்ளைகளின் பள்ளித் தகவல் எல்லாமே இன்று போனில்தான். பேட்டரி மாற்றி வந்த மறுநாளே சார்ஜ் ஏறாவிட்டால் நாம் பதறிப்போகிறோம். "போர்டு போய்விட்டது" என்று யாராவது சொன்னால் ஆயிரக்கணக்கில் செலவு செய்யவும் துணிகிறோம். அதற்கு முன் இவற்றைப் பார்ப்போம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை

1. பிளக் பாயிண்ட், சார்ஜர், கேபிள் மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குறை எதில் என்று தெரியாது.

2. புதிய பேட்டரி கடையில் நெடுநாள் கிடந்து முழுவதும் இறங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட பேட்டரிக்கு முதலில் மிகக் குறைந்த மின்சாரமே போகும்; திரையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் சார்ஜரில் விடுங்கள். பிறகு பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து 20 வினாடி அழுத்துங்கள்.

3. போனை அணைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருந்தால் மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். ஊசி வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். உள்ளே பச்சை பூத்திருந்தால் கடையில்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

பின்மூடி உப்பியிருந்தாலோ, போன் அதிகமாகச் சுட்டாலோ, ஒரு மாதிரி வாடை வந்தாலோ உடனே சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. தலையணை அருகே வைத்துச் சார்ஜ் போடவே வேண்டாம். 2016-ல் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போன்களைத் திரும்பப் பெற்று, வேறு பேட்டரி உள்ள போன்களைக் கொடுத்தது. அவற்றிலும் சில தீப்பற்றின. அந்த அக்டோபரிலேயே அந்த மாடலின் தயாரிப்பு நின்றது. புதிய பேட்டரி என்பதாலேயே கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

கடையில் கேட்க வேண்டியவை

பேட்டரி மாற்றிய பின்தான் கோளாறு வந்தது என்றால், கை பட்ட இடத்தை முதலில் பார்ப்பதே முறை. பேட்டரி கனெக்டர் சரியாக அமர்ந்திருக்கிறதா? சார்ஜ் துளை உள்ள சிறிய போர்டையும் பெரிய போர்டையும் இணைக்கும் மெல்லிய பட்டை கேபிள் கழன்றோ கிழிந்தோ இருக்கிறதா? அடுத்தது பேட்டரி. பிளஸ், மைனஸ் தவிர வெப்பநிலையைச் சொல்லும் முனையும் பேட்டரியில் உண்டு. அதிலிருந்து சரியான தகவல் வராவிட்டால் போன் சார்ஜை ஏற்காது. தரம் குறைந்த பேட்டரிகளில் இந்தக் குறை வரும். வேறொரு நல்ல பேட்டரியைப் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் சார்ஜிங் ஐ.சி., போர்டு என்ற பேச்சு வர வேண்டும்.

பழைய பேட்டரியின் மாடல் எண்ணும் வோல்ட் அளவும் புதியதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். புதியதில் ஐ.எஸ். 16046 என்ற பி.ஐ.எஸ். முத்திரை இருக்க வேண்டும்.

பேட்டரி மாற்ற உங்கள் பின் நம்பர் தேவையில்லை. வீட்டுப் பெண்களின் படங்களும் வங்கிச் செயலிகளும் உள்ள போன் அது. சோதிக்க வேண்டுமானால் நீங்களே திறந்து காட்டுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கும் வேலைக்கும் சேர்த்து, உத்தரவாத நாள் எழுதிய பில் வாங்குங்கள். கடைக்காரரும் நம்மைப் போல உழைத்துப் பிழைப்பவர். பில்லோடு போய் நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையிலேயே ஒப்படையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்கும் முன் அங்கேயே பத்து நிமிடம் சார்ஜ் போட்டு, சதவீதம் ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.