வண்டியின் வேகமும் புகையின் அளவும்

மோட்டார் வண்டி கக்கும் புகை, அவ்வண்டியின் இனத்தையும் அது ஓட்டப்படும் வேகத்தையும் பொறுத்து மாறுபடும். பெட்ரோல் எஞ்சினில் காற்றுக் குறைந்து எண்ணெய் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு அதிகமாய் உண்டாகும். டீசல் எஞ்சினில் இவ்வாயு குறைவு. கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதிகம். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் டீசல் கார்களிலும் லாரிகளிலும் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி பொதுவாக உண்டு. டிராக்டருக்கு விதி வேறு. 2023-இல் அமலுக்கு வந்த கடுமையான விதி 50 குதிரைசக்திக்கு மேற்பட்டவைகளையே கட்டுப்படுத்துகிறது. இந்நாட்டுக் குடியானவர்களிடம் உள்ளவை பெரும்பாலும் அதற்குட்பட்டவை. ஆகையால் அவற்றின் புகையைக் குறைப்பது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

நின்று நின்று ஊர்ந்து செல்லும் வண்டி, கிலோமீட்டர் ஒன்றுக்கு அதிக எண்ணெயை எரிக்கும். மிதமிஞ்சிய வேகத்திலும் அப்படியே. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். கார்களுக்கு மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலுள்ள சீரான ஓட்டமே சிக்கனமானது.

டிராக்டரில் முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது எஞ்சின் சுழலும் வேகம். காலி டிரெய்லரை இழுத்தல் போன்ற இலேசான வேலைகளில் மேல் கியருக்கு மாற்றி, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் வண்டி அதே நடையில் செல்லும், டீசல் மிச்சமாகும். ரோட்டவேட்டர் முதலியவற்றுக்கு இம்முறை உதவாது. அவற்றைச் சுழற்றும் தண்டு குறித்த வேகத்தில் சுழல வேண்டும். பாரம் ஏற்றிய வண்டியை மேல் கியரில் திணறவிட்டாலோ கரும்புகை கிளம்பும். உடனே கியரை இறக்குதல் வேண்டும். கரும்புகை கக்குவதே வண்டியின் வலுவுக்கு அடையாளம் எனச் சிலர் பெருமை கொள்வதுண்டு. அது முற்றும் எரியாமல் வீணாகும் எண்ணெய். காசு கொடுத்து வாங்கியது.

கரும்பு ஏற்றும்போது எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடுவது பல இடங்களில் வழக்கம். ஏற்றும் கூலியாட்களே அப்புகையைச் சுவாசிக்கின்றனர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இல் தீர்மானித்தது. ஏற்றி முடியும்வரை எஞ்சினை நிறுத்தி வைப்பதில் யாதொரு நஷ்டமுமில்லை.

பாரமில்லாதபோதும் கரும்புகை நீங்காவிடில் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். அல்லது டீசல் பீய்ச்சும் நாசில் தேய்ந்திருக்கலாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். புழுதியில் உழும் நாட்களில், காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்தைத் தினந்தோறும் திறந்து பார்த்து, சேறு படிந்திருந்தால் கழுவிவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.