வீட்டுக்கடனும் காணி ஈடும்: கையெழுத்திடுமுன் அறிய வேண்டியவை

மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வீடு கட்டப் பணம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத உதவுதொகை. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்ட 550,000 ரூபா அவ்வகையானது. மற்றையது கடன். இரண்டுக்கும் படிவம், கள ஆய்வு, கட்டம் கட்டமான கொடுப்பனவு என்பன ஒரேமாதிரி இருப்பதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். எனவே, "இது உதவுதொகையா, கடனா?" என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரச வீட்டுக்கடனை வழங்கும் முக்கிய நிறுவனம் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை. 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இச்சபை வீடு கட்டலாம். வீடு கட்டுவோருக்குக் கடனும் வழங்கலாம். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில், வங்கிகள் திரும்பிப் பாராத குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் சிறுகடன்கள் கிடைத்தன. கடன் கொடுக்கும் நிறுவனம் அதற்குப் பிணையும் கேட்கும். சிறு தொகைக்குப் பிணையாளிகள் போதுமாகலாம். பெருந்தொகைக்குக் காணியை ஈடு வைக்க நேரலாம்.

ஈடு வைத்தாலும் காணி உங்களுடையதே. ஆனால் தவணை தவறினால் அதை விற்றுக் கடனை அறவிட வழியுண்டு. சாதாரணமாக இதற்கு நீதிமன்ற வழக்குத் தேவை. வங்கிகளுக்கும் அரச ஈட்டு முதலீட்டு வங்கி போன்ற நிறுவனங்களுக்கும் வழக்கின்றியே ஏலத்தில் விற்கும் அதிகாரத்தைச் சட்டம் சில சந்தர்ப்பங்களில் கொடுத்துள்ளது. உங்கள் கடனுக்கு எது பொருந்தும் என்பதை நொத்தாரிசிடம் கேட்டறியுங்கள். கடன் தருபவர் யாராயினும் "அறுதி உறுதி" எழுதித் தரும்படி கேட்டால் அது ஈடு அல்ல, விற்பனை. அதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

உறுதிக்காணி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள், பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் காணியை ஈடு வைக்க முடியாது. அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குச் செல்லுங்கள். கடன் விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

அடுத்த விடயத்தை அலுவலகங்களில் கடைசியாகத்தான் சொல்கிறார்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது எம் எண்ணம். தேசவழமைச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியை ஈடு வைப்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. இது 1911ஆம் ஆண்டிலிருந்து வரும் விதி. கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைக் காட்டலாம். காணாமற்போயிருந்தால்? கணவர் இருக்குமிடம் தெரியாதபோது, அவரது சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். இதற்காக மரணச் சான்றிதழ் எடுத்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களை நெருக்க இடங்கொடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள். நீதிமன்ற அனுமதிக்குக் காலம் எடுக்கும் என்பதால், அத்திவாரம் வெட்டுமுன் விண்ணப்பிப்பது நல்லது.

தவணைப் பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கடன் முடிந்ததும் ஈட்டுமீட்பை எழுதுவித்து, காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பதியாவிட்டால், கடன் தீர்ந்த பின்னும் ஏட்டில் அந்தக் காணி ஈட்டிலேயே இருக்கும். பிள்ளைகளுக்கு எழுதும்போதுதான் அது தெரியவரும்.