காய்ச்சல் விட்டதும் ஓடலாமா?

கேள்வி: வைரஸ் காய்ச்சல் விட்டு நான்கு நாளாகிறது, இருமல் லேசாக இருக்கிறது. காவலர் தேர்வுக்குத் தினமும் ஓடுபவன் நான். மறுபடி எப்போது ஓடலாம்?
– வாசகர், கண்டாச்சிபுரம்

பதில்: அவசரம் புரிகிறது தம்பி. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டுமே! ஆனாலும் பொறுங்கள். இருமல் அடங்கி, ஒரு வாரம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போகட்டும். இந்த வைரஸ்கள் சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும். அது தெரியாமல் மூச்சிரைக்க ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் நடை, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பிறகு மெதுஓட்டம். விழித்ததும் நாடி பாருங்கள்; வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இசிஜி எடுத்துவிடுங்கள்.