நீச்சல் தெரியாத குடும்பம் படகில் ஏறலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு எங்கள் குடும்பமும் தங்கை குடும்பமுமாக 14 பேர் வேன் பிடித்துத் தேக்கடி போகிறோம். பெரியவர்கள் யாருக்கும் நீச்சல் தெரியாது. குழந்தைகள் ஐந்து பேர். கடைக்குட்டிக்கு மூன்று வயது. படகுச் சவாரிக்காகப் பிள்ளைகள் இப்போதே நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கோ அடிவயிற்றைக் கலக்குகிறது. "தினமும் எத்தனை பேர் போய் வருகிறார்கள், ஒன்றும் ஆகாது" என்கிறார் என் கணவர். நாங்கள் படகில் ஏறலாமா? ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது?
ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஏறலாம் சகோதரி. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. நீச்சல் தெரியாததைவிட, எந்தப் படகில், எங்கே, எப்படி உட்காருகிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. நீந்தத் தெரிந்தவர்களும் படகு விபத்துகளில் இறந்திருக்கிறார்கள்.

இதே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கரையோரம் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சேர்ந்ததும், படகின் சமநிலையிலேயே இருந்த குறையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். தானூர்ப் படகு, மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றிக் கட்டியது, பொழுது சாய்ந்த பிறகு அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

படகு ஏன் கவிழ்கிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் அடியில் இருப்பதால் எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துவிடுகிறது. அந்தப் பாரத்தை அதன் தலையில் வைத்தால்? படகும் அப்படித்தான். மேல்தளத்தில் ஆட்கள் கூடக்கூட, உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க நிற்க, பாரம் மேலே ஏறுகிறது. அந்த நேரம் பார்த்து "அதோ யானை!" என்று யாரோ கத்த, எல்லோரும் ஒரு பக்கம் ஓடினால் படகு சாய்கிறது. சாய்ந்த பக்கம் தண்ணீர் உள்ளே வருகிறது. வந்த தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கிறது. அதன் பிறகு படகோட்டியால் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஆகவே யானையே வந்தாலும் எழக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வேனிலேயே சொல்லிவிடுங்கள். பெரியவர்களுக்கும் சொல்லுங்கள், கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு முதலில் எழுவது அவர்கள்தான். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, தலையை எண்ணுங்கள். கூடுதலாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். சூரியன் மறைந்த பிறகு எந்தப் படகிலும் ஏறாதீர்கள்.

பாதுகாப்பு அங்கியைக் கரையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். இருக்கைக்கு அடியில் கிடக்கும் அங்கி, படகு கவிழும் நேரத்தில் யார் கைக்கும் வராது. எல்லா வாரையும் பூட்டி இறுக்கிய பின், தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி தாடைக்கு மேல் ஏறினால் அது அந்த உடம்புக்குப் பெரிது. பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் குழந்தை நழுவி விழுந்துவிடும், அங்கி மட்டும் மிதக்கும். உங்கள் கடைக்குட்டிக்கு அளவான அங்கி இல்லை என்றால் அவனோ அவளோ ஏறக்கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் கூடவே இருக்கட்டும். நீங்களும் அன்றைக்குப் புடவையைத் தவிர்த்துச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும்.

கண்ணாடி அடைத்த கீழ்த்தளம் வேண்டாம். கவிழ்ந்த படகுக்குள் அங்கி உங்களை மேலே தூக்கி அடைத்துவிடும். வெளியேறும் வழியோ கீழே போயிருக்கும். திறந்த பக்கமுள்ள இடத்தில், வெளியேறும் வழிக்கு அருகில் உட்காருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்ளுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு கவிழ்ந்தால்? கவிழ்ந்த படகு பெரும்பாலும் உடனே மூழ்காது. அதைப் பற்றிக்கொண்டு குழந்தைகளை அருகில் இழுத்துக்கொள்ளுங்கள். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று கையை விடாதீர்கள். தண்ணீரில் தூரம் கண்ணை ஏமாற்றும்.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒன்று. மூழ்குகிறவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது நம் குளங்களில் ஓயாமல் நடக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் தத்தளித்த இளைஞர்களை நோக்கி மூன்று பெண்கள் தங்கள் புடவையை அவிழ்த்து வீசினார்கள். இருவர் பிழைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. கயிறு, கழி, புடவை, காலிக் குடம் எதுவானாலும் எறியுங்கள், நீட்டுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊர்களில் இன்னும் நிற்கவில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். நீரில் மூழ்கியவருக்கு வேண்டியது காற்று. மூச்சு இல்லை என்றால் தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும்பும்படி வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு மூச்சு என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம்; பெரியவருக்கு 5 செ.மீ. ஆழமாவது அழுந்த வேண்டும். குழந்தைக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். இருமி எழுந்து "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறவைக்கும்.

வேனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கணக்கு அங்கேயும் அதேதான். மூட்டைகளையெல்லாம் கூரையில் கட்டிக்கொண்டு குமுளி மலைப்பாதையின் வளைவுகளில் ஏறாதீர்கள். கனமானவை கீழே இருக்கட்டும். நள்ளிரவில் கிளம்பி "விடியும்போது போய்ச் சேரலாம்" என்று திட்டமிடாதீர்கள். விடியலுக்கு முந்தைய மணி நேரங்களில்தான் ஓட்டுநரின் கண் சொருகும். மலை இறங்கும்போது சிறிய கியரில் இறங்கச் சொல்லுங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் வழக்கு வருமே என்று தயங்காதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உதவி செய்தவரைக் காக்கிறது. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவருக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், கட்டணமின்றிக் கிடைக்கும்.

இந்தப் பதிலை உங்கள் கணவரிடமும் தங்கை வீட்டாரிடமும் படித்துக் காட்டுங்கள். படகுத்துறையில் அங்கி குறைந்தாலோ, ஆள் கூடினாலோ சீட்டுப் பணம் போனால் போகட்டும் என்று அத்தனை பேரும் திரும்பி வந்துவிடுங்கள்.